கடையில் ஊதா, வீட்டில் பழுப்பு... பவளத்தின் நிறம் எங்கே போனது?

கடையில் வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் ஊதா. வீட்டுத் தொட்டியில் வைத்து 3 வாரம் கழித்துப் பார்த்தால் காப்பிப் பொடி நிறம்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பலருக்கும் இது பழக்கமான கதை. விரல் நுனி அளவுத் துண்டுக்கே கணிசமாகக் காசு கொடுத்திருப்பார்கள். சில ரகங்கள் நூறு வெள்ளியைத் தாண்டும். நிறம் போனதும் பதற்றம் வரும். கையில் கிடைத்த மருந்து, உரம், சத்து எல்லாம் தொட்டிக்குள் போகும்.

பழுப்பானதால் பவளம் சாவது அரிது. அந்தப் பதற்றத்தால் சாவதுதான் அதிகம்.

அதனால் எதையாவது ஊற்றுவதற்கு முன்னால், அந்த நிறம் எங்கிருந்து வருது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பவளம் செடியா? கல்லா?

இரண்டும் இல்லை. அது ஒரு விலங்கு. ஜெல்லிமீன், கடல் சாமந்தி எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். நாம் 'ஒரு பவளம்' என்று சொல்வது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். அந்தக் குட்டி உயிருக்குப் பெயர் பாலிப்.

பாலிப்பின் சதைக்குள் இன்னொரு உயிர் குடியிருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத பாசி. ஒரு சதுர சென்டிமீட்டர் சதையில் சுமார் ஒரு மில்லியன் பாசி அணுக்கள் இருக்கக்கூடும். அவை வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை தயாரித்து, பெரும்பகுதியை வீட்டுக்காரரான பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. பதிலுக்குப் பவளம் இடம் தருகிறது. தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தருகிறது. வாடகை கொடுத்துக் குடியிருப்பது போலத்தான்.

இந்தப் பாசியின் நிறம் பழுப்பு. பவளம் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறினால், குடியிருப்பவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அர்த்தம். ஊதாவும் பச்சையும் பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. பழுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கின்றன, அல்லது பவளம் அவற்றைத் தயாரிப்பதைக் குறைத்துக்கொண்டது.

அப்போ ஊதா, பச்சை, சிவப்பு யாருடையது?

அது பவளத்தின் சொந்தச் சரக்கு. பவளமே தயாரிக்கும் புரதங்கள் அவை. இரண்டு வகை உண்டு.

முதல் வகை ஒளிரும் புரதம். நீல வெளிச்சத்தை உள்வாங்கி, பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ திருப்பி அனுப்பும். நீல விளக்கின் கீழ் டார்ச் பவளம் நியான் பலகை மாதிரி மின்னுவது இதனால்தான்.

இரண்டாம் வகை ஒளிராது. குறிப்பிட்ட நிறங்களை விழுங்கிவிட்டு மற்றதைப் பிரதிபலிக்கும், சாயம் போட்ட துணியைப் போல. அக்ரோபோரா பவளங்களின் ஆழ்ந்த ஊதாவும் நீலமும் பலவும் இந்த வகை. நீல விளக்கை மட்டும் போட்டால் இவை கறுத்துத் தெரியும். வெள்ளை வெளிச்சம் கொஞ்சம் சேர்ந்தால்தான் உண்மை நிறம் தெரியும். "என் பவளம் நிறமே காட்ட மாட்டேங்குது" என்று வருந்துவோர், முதலில் விளக்கின் வெள்ளை அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். செலவே இல்லாத சோதனை.

இந்தப் புரதங்களுக்கு ஒரு சுவையான வரலாறும் உண்டு. பச்சை ஒளிரும் புரதத்தை 1962ஆம் ஆண்டில் ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜப்பானிய அறிவியலாளர் ஒசாமு ஷிமோமுரா. அதற்காக 2008இல் மேலும் இருவரோடு சேர்ந்து நோபெல் பரிசு பெற்றார். சிவப்பு ஒளிரும் புரதம் எங்கே கிடைத்தது தெரியுமா? மீன்தொட்டிப் பவளத்தில். ரஷ்ய ஆய்வாளர்கள் மாஸ்கோவில் மீன்தொட்டிக்காக விற்கப்பட்ட பவளங்களை எடுத்து ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்களை அடையாளம் காட்டப் பயன்படும் சிவப்பு நிறமிக்கு மூலம் அதுதான். பொழுதுபோக்கு என்று யாரும் இளக்காரமாகச் சொன்னால் இதைச் சொல்லலாம்.

சரி, பவளம் எதற்காக மெனக்கெட்டு இந்தப் புரதங்களைச் செய்கிறது? ஆழம் குறைந்த இடத்தில் அவை வெயில் தடுப்புக் களிம்பைப் போல வேலை செய்கின்றன. அதிக வெளிச்சத்திலிருந்து பாசியைக் காக்கின்றன. ஆழமான இடத்தில் வேலையே தலைகீழ்: அங்கே கிடைக்கும் சொற்ப நீல ஒளியைச் சில புரதங்கள் ஆரஞ்சு, சிவப்பாக மாற்றிப் பாசிக்குக் கொடுக்கின்றன.

இதில் ஒன்றை மனத்தில் வையுங்கள். பவளம் அழகுக்காக நிறம் போடவில்லை. வெளிச்சத்தைச் சமாளிக்கவே போடுகிறது.

பழுப்பு நோயா?

இல்லை. பழுப்புப் பவளம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பவளம். வெளிச்சம் குறைந்தாலோ நீரில் சத்து கூடினாலோ பாசி பெருகும். வெளிச்சமே இல்லாத பெட்டியில் அடைபட்டு, விமானத்தில் வந்து, கடைத் தொட்டி, பிறகு உங்கள் தொட்டி என்று மாறி மாறி வந்த பவளம் சில வாரங்கள் பழுப்பாக இருப்பது இயல்பு.

பாலிப் வெளியே நீட்டியிருக்கிறதா? ஓரங்களில் புதிய வளர்ச்சி தெரிகிறதா? சதை எலும்புக்கூட்டிலிருந்து உரியாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அவசரம் எதுவும் இல்லை.

பயப்பட வேண்டியது எதிர்த் திசைக்கு.

வெளிர் நிறம் அழகுதானே?

இணையத்தில் மிட்டாய் நிற அக்ரோபோராக்களைப் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், எலுமிச்சை மஞ்சள். சிலர் நீரிலுள்ள சத்தை ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய் இந்தத் தோற்றத்தை வரவைக்கிறார்கள். பழுப்புப் பாசி குறைந்துவிடும், கீழே இருக்கும் நிறமி பளிச்செனத் தெரியும்.

படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பவளத்துக்குச் சமைத்துப் போட ஆளில்லை. சேமிப்பும் இல்லை. விளக்கு கொஞ்சம் கூடினாலோ, ஒரு மதியம் தண்ணீர் சூடானாலோ, வெளிறி எலும்புக்கூடு தெரியத் தொடங்கும். அனுபவமும் நேரமும் உள்ளவர்கள் அந்த விளிம்பில் வருடக்கணக்கில் நடப்பார்கள். முதல் தொட்டி வைத்திருப்பவர் முயலக்கூடாத வித்தை அது என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

கடலிலும் இதே நடக்கிறது. வெப்பம் கூடி, பாசி வெளியேறும்போது சில பவளங்கள் வெள்ளையாகாமல் பளிச்சென்ற நியான் நிறத்துக்கு மாறும். பிரிட்டனின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2020இல் அதற்கு விளக்கம் தந்தது: பாசி போனதும் சதைக்குள் வெளிச்சம் எதிரொளித்துக் கூடுகிறது. அந்த வெளிச்சமே மேலும் நிறமியைத் தயாரிக்கத் தூண்டுகிறது. நிறமி நிழல் தர, பாசி திரும்பி வர வாய்ப்புக் கிடைக்கிறது. பார்ப்பவருக்கு வாணவேடிக்கை. பவளத்துக்கு அது குடையைத் தேடும் நேரம்.

நிறத்தைத் திரும்பக் கொண்டுவர... முதலில் வெளிச்சம்

பவளம் நிறமியைத் தயாரிக்கத் தூண்டுவதில் நீல ஒளிக்குத்தான் பெரிய பங்கு. அதனால்தான் கடல்நீர்த் தொட்டி விளக்குகள் நீலத்தில் கனமாக இருக்கின்றன. நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதும் பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியும் ஒன்றல்ல. அதை அளக்க 'பார்' என்ற அளவீடு இருக்கிறது.

காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்கும், டார்ச், ஹேமர் போன்ற பெரிய பாலிப் வகைகளுக்கும் 50 முதல் 150 பார் பொதுவாகப் போதும். மோண்டிபோரா, அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் வகைகளுக்கு 200 முதல் 350 வரை தேவைப்படும். அக்ரோபோராவைத் தொட்டியின் அடியில், பாறை நிழலில் வைத்துவிட்டு நிறம் வரலையே என்றால் வராதுதான்.

பார் மீட்டர் விலை அதிகம். ஒருமுறை அளந்து பார்க்க மட்டும் வாங்கத் தேவையில்லை. பொழுதுபோக்கு நண்பர்கள் யாரிடமாவது இரவல் கேட்டுப் பாருங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டுவதாக முடிவு செய்தால் நிதானம் வேண்டும். வாரம் 5 முதல் 10 விழுக்காடு, அதற்கு மேல் வேண்டாம். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் முழு வெளிச்சம் போதும். நேரத்தை நீட்டினால் நிறம் வராது, கண்ணாடியில் பாசிதான் வரும். புதிதாக வாங்கிய துண்டை முதலில் கீழே வைத்து, 3, 4 வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: கரித்தூள் வடிகட்டி புதிதாகப் போட்டாலும் வெளிச்சம் கூடும். தண்ணீரிலுள்ள மஞ்சள் கறை நீங்கிவிடுவதே காரணம். விளக்கைத் தொடவே இல்லை, பவளம் ஏன் வெளிறுது என்று குழம்புவோர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரேட், பாஸ்பேட்: எதிரிகளா?

நிறம் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கேதான்.

பழைய அறிவுரை இப்படிப் போகும்: 'நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் அழுக்கு. பூஜ்ஜியமாக்கு.' மீன் அதிகம், உணவு அதிகம், வடிகட்டி போதவில்லை என்றால் அவை எகிறும். பாசி பெருகும், பவளம் பழுக்கும். உண்மைதான். ஆனால் இப்போதுள்ள ஸ்கிம்மர்கள், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள்கள், பாக்டீரியாவுக்குப் போடும் கார்பன் உணவு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும். பாசி பட்டினி கிடக்கும், பவளமும் கூடவே பட்டினி.

யோர்க் வீடன்மான் தலைமையிலான அதே சவுத்ஹாம்ப்டன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகச் சொன்னது. நைட்ரேட் அதிகமாக இருந்து பாஸ்பேட் பற்றாக்குறையாக இருந்தால், வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்கும் சக்தி பவளத்துக்குக் குறைந்துவிடுகிறது. நைட்ரேட் கிடைப்பதால் பாசி பெருகிக்கொண்டே போகும். ஆனால் பாஸ்பரஸ் இல்லாமல் அதன் அணுக்களால் தம் சவ்வுகளைச் சரியாகக் கட்டிக்கொள்ள முடியாது. ஆக, எவ்வளவு என்பதைப் போலவே இரண்டுக்கும் இடையிலான விகிதமும் முக்கியம்.

வீட்டுத் தொட்டிக்குப் பலரும் பின்பற்றும் வரம்பு: நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். இதற்குள் எந்த எண் என்பதைவிட, அது வாரா வாரம் அங்கேயே நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

பாஸ்பேட் 0.3க்குப் போய்விட்டதா? ஒரே நாளில் கீழே இறக்காதீர்கள். இரும்பு ஆக்சைடை அள்ளிப் போட்டு ஓர் இரவில் பூஜ்ஜியமாக்கினால், பழுத்த பவளம் நேராக வெள்ளைக்குத் தாவும். சொல்லப்பட்ட அளவில் நான்கில் ஒரு பங்கு போட்டு, சில வாரங்களில் இறக்கலாம். இரண்டுமே பூஜ்ஜியம் என்றால் மீனுக்குக் கூடுதலாக ஒரு வேளை உணவு. மீன் சாப்பிடும், கழிவு போடும், பவளத்துக்குச் சாப்பாடு. விலை உயர்ந்த 'நிறச் சத்து' குப்பிகளில் பலவற்றைவிட இது மலிவு.

பூஜ்ஜியத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. மணல்மேல் சளி மாதிரி பழுப்பாகப் படரும் டைனோஃபிளாஜெல்லேட். வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு.

சிங்கப்பூர் வெப்பம்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தொட்டி வைப்போர் தவறவிடும் இடம் இது. அங்கே தண்ணீரைச் சூடாக்கும் கருவி வாங்கச் சொல்வார்கள். நமக்கு நேர் எதிர்.

தொட்டிக்கு 25, 26 டிகிரி செல்சியஸ் நல்லது. வீவக வீட்டின் வரவேற்பறை மதியம் 30ஐத் தொடும். அதோடு விளக்கு, பம்பு சூடு சேர்ந்தால் தண்ணீர் 31, 32க்குப் போய்விடும். நம் கடலில் உள்ள பவளங்களே 31 டிகிரியைத் தாண்டிச் சில வாரம் நீடித்தால் தடுமாறுகின்றன. 1998, 2010, 2016, 2024 என்று சிங்கப்பூர்க் கடலில் பெரிய அளவில் பவளங்கள் வெளிறிய ஆண்டுகள் எல்லாமே கடல்நீர் சூடான ஆண்டுகள்.

குளிரூட்டி வாங்குவது ஒரு செலவு, அதன் மின்கட்டணம் தொடர் செலவு. பவளத்தின் விலையைக் கணக்குப் போடும்போது பலரும் இதைச் சேர்ப்பதில்லை. சூட்டைத் தொட்டியிலிருந்து எடுத்து அறைக்குள்தான் கக்கும் என்பதும் வாங்கிய பிறகே தெரியும். பால்கனி ஓரமோ சன்னல் பக்கமோ வைக்க இடம் பாருங்கள்.

விசிறி வைத்தால் போதாதா? சிறிய தொட்டிக்கு ஓரளவு உதவும். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். தினமும் நன்னீர் சேர்க்காவிட்டால் உப்பு கூடிக்கொண்டே போகும்.

படுக்கையறையில் தொட்டி வைத்திருப்போர் இதையும் கவனியுங்கள்: இரவு முழுக்கக் குளிர்சாதனம், காலையில் நிறுத்திவிட்டு வேலைக்கு. தொட்டி இரவில் 25, மதியம் 30. நிலையான 27ஐவிட இந்த ஊஞ்சல் மோசம்.

மற்றவை சுருக்கமாக

உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1,250 முதல் 1,350. ஆல்கலினிட்டி எனும் காரத்தன்மை 7 முதல் 9 டிகேஎச். நான்கில் அடிக்கடி ஆட்டம் காண்பது கடைசிதான், அதனால் அதை அடிக்கடி அளக்க வேண்டும். ஒரு நாளில் அரை டிகேஎச்சுக்கு மேல் ஏறி இறங்க விடாதீர்கள். சத்து மிகக் குறைவான தொட்டியில் காரத்தன்மையை 10, 11க்கு ஏற்றினால் அக்ரோபோராவின் நுனிகள் கருகியது போல வெளுக்கும் என்பது அனுபவசாலிகள் பலரின் கவனிப்பு.

தண்ணீரைக் குழாயிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். நாம் குடிக்க அது அருமையான நீர். ஆனால் கிருமிநாசினியாகக் குளோரமைன் சேர்க்கப்பட்டது. குளோரின் மாதிரி வாளியில் ஓர் இரவு வைத்தால் போய்விடாது. ஆர்ஓ-டிஐ வடிகட்டி வழியாக எடுப்பதே பாதுகாப்பு.

இரும்பு, அயோடின், பொட்டாசியம் இவற்றைத் தனித்தனிக் குப்பிகளாக விற்பார்கள். எது குறைகிறது என்று அளந்து பார்க்காமல் சேர்ப்பது இருட்டில் கல் எறிவது. வாரம் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றினாலே சிறிய தொட்டிக்குப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் நிறம் வரலையா?

பொறுங்கள். நிறமி கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அக்ரோபோராவுக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். ஒரு மாற்றம் செய்தால் குறைந்தது 3 வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். இல்லையென்றால் எது பலன் தந்தது என்றே தெரியாது. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே விளக்கு அமைப்பில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

சில பவளங்களுக்கு மரபணுவிலேயே அந்த நிறம் கிடையாது. ஒரே இனத்தில், பக்கத்துப் பக்கத்தில் வளரும் இரண்டு பவளங்களில் ஒன்று சிவப்பாகவும் ஒன்று பழுப்பாகவும் இருப்பதைக் கடலிலேயே பார்க்கலாம். என்ன செய்தாலும் அது அப்படித்தான்.

வாங்கும்போதே பாதி வேலை முடியும்

சிராங்கூன் நார்த்தோ வேறு எங்கோ, கடையில் நீல விளக்கு மட்டும் எரிந்தால் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம். இணையத்தில் வாங்கினால் ஆரஞ்சு வடிகட்டியோடு எடுத்த படத்தை நம்பாமல் வெள்ளை ஒளியில் எடுத்த படம் கேளுங்கள். சதை முழுக்க ஒரே சீராக, பெயிண்ட் அடித்தது போல் கடும் மஞ்சள் அல்லது ரோஜா நிறத்தில் மென்பவளம் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். சாயம் ஏற்றி விற்பது இந்த வியாபாரத்தில் நடந்திருக்கிறது. சாயம் மூடிய சதைக்குள் பாசிக்கு வெளிச்சம் போவதில்லை.

தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டா, கடலில் எடுத்ததா என்றும் கேளுங்கள். வளர்ப்புத் துண்டு தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. கடையில் பார்க்கும் நிறம் உங்கள் வீட்டிலும் நிற்க வாய்ப்பு அதிகம். கல் பவளங்கள் எல்லாமே சைட்டஸ் எனும் அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. பாத்தாமுக்கோ தியோமானுக்கோ போன இடத்தில் ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டு வருவதும் இதில் அடங்கும்.

நம் கடலில் இருந்தும் எடுக்க வேண்டாம். சிங்கப்பூர் நீரில் சுமார் 250 வகைக் கல் பவளங்கள் இருக்கின்றன. கலங்கிய நீரில் வெளிச்சம் ஆழம் வரை போகாததால், பெரும்பாலானவை 10 மீட்டருக்குள் ஒண்டி வாழ்கின்றன. அவற்றைப் பெருக்கவே தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் 100,000 பவளங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது 10 ஆண்டு பிடிக்கும் வேலை.

கடைசியாக, கையுறை

நிறத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பொத்தான் மாதிரி அழகாக இருக்கும் ஸோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நச்சு இருக்கிறது. பாறையில் பரவிவிட்டதே என்று கொதிநீர் ஊற்றியோ, தூரிகையால் தேய்த்தோ அகற்றினால் நச்சு ஆவியாகவும் திவலையாகவும் காற்றில் கலக்கும். இப்படி வீட்டில் இருந்த எல்லாருமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்துள்ளன. சன்னலைச் சாத்திக் குளிர்சாதனம் போட்ட வீட்டில் இன்னும் ஆபத்து.

வெட்டும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் போடுங்கள். பவளம் ஒட்டிய பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள். மூச்சுத் திணறல், காய்ச்சல், கண் எரிச்சல் தெரிந்தால் உடனே எல்லாரும் வெளியேறி 995ஐ அழையுங்கள். வந்தவரிடம் பவளம் வெட்டியதை மறக்காமல் சொல்லுங்கள்.